ஏழாம் லயத்தை அழித்தது யார்?

அத்தியாயம் ஆறு

"கையெழுத்துப் போட மாட்டேங்க்கா. பேனாவை வேணும்னா நீங்களே வச்சுக்கங்க."

பிரேமலதா பேனாவை மேசைமேல் உருட்டிவிட்டாள். அது உருண்டு வந்து ஜெறோமின் மடியில் விழுந்தது. ஜெறோம் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, கையெழுத்துக்காகக் காத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை எட்டிப் பார்த்தான். ஓரத்தில் இரட்டைக் கோடு, தலைப்பில் தோட்ட முத்திரை. கலியாணப் பத்திரிகைக்குக் கூட யாரும் இவ்வளவு அக்கறை எடுத்து அவன் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை பேருதான் இல்ல. மத்தபடி நல்லா இருக்கு," என்றான்.

"ஜெறோம்," என்றாள் விஜயகலா.

அந்த ஒரு சொல்லுக்கு அவன் வாயை மூடினான். இரத்தினபுரியில் தையல்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் விஜயகலா. ஜெறோம் முன்பு திரீவீல் ஓட்டினான். ஒருநாள் "முன்னாடி போற வேனை விடாதீங்க" என்று அவள் அவன் வண்டியில் ஏறினாள். வேன் பிடிபட்டது. அன்றிலிருந்து அவன் வண்டியை விட்டான், அவளை விடவில்லை.

ஓப்பநாயக்கவுக்கு மேலே மலையில் இருந்தது செம்பாறைத் தேயிலைத் தோட்டம். அதன் பிள்ளைமடுவத்தில்தான் இப்போது மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சின்னதுகள் எல்லாம் பாயில் தூங்கின. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர்தான் பிரேமலதா. அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது. அரநாயக்கவில் மலை சரிந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தச் செய்தியைப் பார்த்தது அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. வளர்ந்ததும், போன் கடை சசியோடு சேர்ந்து ஒரு பெட்டி செய்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையில் ஏற்றினாள். பெட்டி மழையை அளக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றும் எவ்வளவு சரிவில் இருக்கிறது என்பது அவள் கணினிக்குத் தெரியும். அந்தச் சரிவு தாங்காத அளவுக்கு மழை கொட்டினால் அந்த லயத்துப் போன்கள் எல்லாம் அடிக்கும். எடுத்து, "மேட்டுக்கு ஏறுங்க" என்ற குரலைக் கேட்கும்வரை அடிப்பதை நிறுத்தாது.

போன வாரப் பெருமழையில் எல்லா லயத்திலும் போன் அடித்தது, ஏழாம் லயத்தைத் தவிர. அங்கே மண் வாசல்வரை வந்துவிட்டது. நாய் குரைத்ததால் ஆட்கள் தப்பினார்கள். இருளாயி அக்காவின் ஆடுகள் தப்பவில்லை.

பெட்டி அடித்தால் மலையில் வேலை நிற்கும். அதனால் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதொரைக்கு அந்தப் பெட்டி ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இப்போது நல்ல சாட்டு கிடைத்துவிட்டது. இன்று மாலை கொழுந்து நிறுவை முடிந்தபிறகு கூட்டம். 'ஏழாம் லயத்தை நான்தான் பட்டியலிலிருந்து எடுத்தேன்' என்று பிரேமலதா எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு பெட்டியைக் கழற்றிவிடுவார்கள், அடைமழை தொடங்க இருக்கிற இந்த நேரத்தில்.

"நீங்க எடுக்கல?" என்றாள் விஜயகலா.

"எடுக்கலக்கா. மூணு தடவை காணாமப் போச்சு, மூணு தடவையும் நான்தான் திரும்பப் போட்டேன். யாரு எப்ப எதை மாத்தினாலும் கம்பியூட்டர் குறிச்சு வைக்கும். அதுல போய்ப் பார்த்தா எடுத்தது நான்னு என் பேரே இருக்கு! சின்னதொரை அதைத்தான் படம் புடிச்சு வச்சிருக்காரு."

"சசிதான்," என்றான் ஜெறோம். "எனக்கு முதல்லயே அவன் முகம் பிடிக்கல."

"அவன் முகத்தை நீங்க பார்த்ததே ஆஸ்பத்திரியில, டெங்குல படுத்திருக்கும்போது. அந்த நிலைமையில யாரு முகம் நல்லா இருக்கும்? அவன் கட்டில்ல கிடந்தப்பவும் லயம் காணாமப் போயிருக்கு." விஜயகலா பிரேமலதாவிடம் திரும்பினாள். "ஒண்ணு யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க லெப்டொப்பைத் தொடாம இருந்த நாள்ல எப்பவாவது காணாமப் போயிருக்கா?"

பிரேமலதா யோசித்தாள். "சித்திரை லீவுல நான் தொடவே இல்ல. திரும்பி வந்து பார்த்தப்ப ஏழாம் லயம் இருந்துச்சு. அதுக்கு மறுநாள் வேலை செஞ்சேன்... அப்புறம்தான் இல்ல."

"அப்போ திருடன் உங்களோடதான் உள்ள வர்றான், உங்களோடதான் வெளிய போறான்."

ஜெறோம் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். செருப்புகள் மட்டும் இருந்தன.

"வேலை செய்யும்போது கூட யாரு இருப்பா?"

"யாருமில்லக்கா. உதவியாள் மட்டும்."

"எந்த ஆளு?" என்றான் ஜெறோம்.

"ஆளு இல்லண்ணே, ஏஐ. 'இந்த மாதிரி செய்யணும்'னு நான் தமிழ்ல சொல்வேன். அது நிரலை எழுதித் தரும், திருத்தும். நான் ஒருத்தி தனியா இவ்வளவும் எழுத முடியுமா?"

"கெட்டிக்காரன்தான்."

"கெட்டிக்காரன். ஆனா நேத்து நடந்தது இன்னைக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுசா வேலைக்கு வந்த ஆள் மாதிரி வந்து நிக்கும்."

ஜெறோமின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த டீச்சர் எழுந்துகொண்டாள். கோபம்கூட சற்று ஒதுங்கி நின்றது. "தோட்டத்து லொறியை நினைச்சுக்கங்கண்ணே. தினமும் வேற வேற டிரைவர் வர்றான். எல்லாரும் நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்கதான். ஆனா இந்த லொறிக்கு மூணாம் கியர் வழுக்கும், கோயில் வளைவுல ஹோர்ன் அடிக்கணும், அதெல்லாம் புதுசா வந்தவனுக்கு எப்படித் தெரியும்? அதனால ஸ்டியரிங் பக்கத்துல ஒரு துண்டு ஒட்டி வைக்கிறோம். வர்றவன் முதல்ல அதை வாசிச்சுட்டுத்தான் வண்டியை எடுக்கணும். என் கம்பியூட்டர்ல அந்தத் துண்டுக்குப் பேரு குறிப்புக் கோப்பு. இது என்ன வேலை, எது எங்க இருக்கு, எதைத் தொடக்கூடாது, எல்லாம் அதுல இருக்கும்."

"அந்தத் துண்டை எழுதுறது யாரு?" என்றாள் விஜயகலா. மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் மெதுவாகக் கேட்டால் ஏதோ சிக்கிவிட்டது என்று ஜெறோமுக்குத் தெரியும்.

"முதல்ல நான் எழுதினேன். இப்பல்லாம் வேலை முடியிறப்போ, 'இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டதைக் குறிப்புல சேர்த்துடு'ன்னு சொல்லிடுவேன். அதுவே எழுதிக்கும்."

"எழுதினதை வாசிப்பீங்களா?"

பிரேமலதா பாயில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தாள். "நீளமாயிடுச்சுக்கா."

விஜயகலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "திருடனைக் கையும் களவுமாப் புடிப்போம். மறுபடி காணாமப் போயிருந்தா ஏழாம் லயத்தைத் திரும்பப் போடுங்க. போட்டாச்சா? மூடுங்க. இப்ப புதுசாத் திறந்து வேற ஏதாவது வேலை கொடுங்க. ஏழாம் லயம்னு மூச்சு விடாதீங்க."

"சிங்களத்துல போற செய்தியில ஒரு வார்த்தை மாத்தணும்..."

"அது போதும்."

பிரேமலதா தட்டினாள். திரையில் எழுத்துகள் ஓடின. முதலில் குறிப்பை வாசித்தது, பிறகு செய்தியைத் தேடியது, சொல்லை மாற்றியது. கடைசியில், செய்த வேலையை எல்லாம் வரிவரியாகச் சொன்னது. முதல் வரியைப் பார்த்ததும் பிரேமலதாவின் கை வழக்கப்படி மூடப் போனது. விஜயகலா அந்தக் கையைப் பிடித்தாள்.

"கீழ போங்க. இன்னும் கீழ. கடைசி வரி."

ஜெறோம் உரக்க வாசித்தான்: "'குறிப்பிலுள்ள விதியின்படி, ஆளில்லாத ஏழாம் லயத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியுள்ளேன்.' மாதாவே! மூணு பேரு பார்த்துக்கிட்டிருக்கும்போதே பொக்கெட் அடிக்கிறான்!"

பிரேமலதா அந்த வரியில் விரலை வைத்தாள். "என் கணக்குக்குள்ள இருந்துதான் அது வேலை செய்யுது. அது மாத்தினாலும் என் பேருதான் விழும்."

"ஏன் அந்த விதியை எழுதினேன்னு அதுகிட்டயே கேளுங்க."

கேட்டாள். பதில் உடனே வந்தது. அந்த விதியை எழுதிய நாளின் உரையாடல் தன்னிடம் இல்லை என்றது. குறிப்பில் இருப்பது மட்டும்தான் தெரியுமாம். குறிப்பில், தோட்ட அலுவலகம் தந்த புதிய வரைபடத்தில் ஏழாம் லயம் இடிக்கப்பட்டதாகக் காட்டியிருக்கிறது என்று மட்டும் இருக்கிறதாம்.

"புடிபட்டவன் எல்லாம் இதைத்தானே சொல்றான்," என்றான் ஜெறோம். "'ஞாபகமில்ல சேர்.'"

"இவன் ஒருத்தன் சொல்றதுதான் உண்மை," என்ற விஜயகலா எழுந்தாள். "மேப் எப்ப கிடைச்சுது?"

"சித்திரைக்குக் கொஞ்சம் முன்னாடி. சரிவெல்லாம் சரியாப் போடணும்னு நான்தான் ஒபிஸ்ல கேட்டு வாங்கினேன். அதைப் பார்த்து எல்லா லயத்தையும் சரி பண்ணுன்னு உதவியாள்கிட்ட கொடுத்தேன்."

"மேப்பை என் போனுக்கு அனுப்புங்க. நாம ஏழாம் லயத்தைப் பார்க்கணும்."

தூங்கும் பிள்ளைகளை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் இறங்கினார்கள். வரைபடத்தில் காட்டியிருந்த இடத்துக்குப் போனபோது அங்கே கருங்கல் அத்திவாரம் மட்டும் இருந்தது. நடுவில் ஒரு கொய்யாமரம். கூரையும் இல்லை, சுவரும் இல்லை.

ஜெறோம் இடுப்பில் கை வைத்தான். "அப்போ மெஷின் சொன்னது சரிதானே! இங்க ஈ காக்கா இல்ல."

"அது பழைய இடம்ண்ணே. ஏழாம் லயம் அந்தா!" பிரேமலதா ஓடைக்கு அப்பால் கையைக் காட்டினாள். மண்சுவரும் தகரமுமாக ஒரு வரிசை வீடுகள். ஒரு வாசலில் ஒரு பெண் மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். ஆடுகளைப் பறிகொடுத்த இருளாயி அவள்தான்.

கல்லில் கால் வைத்து ஓடையைத் தாண்டினார்கள். ஜெறோமின் ஒரு கால் மட்டும் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தது.

"ஏழாம் லயம் எங்கங்கக்கா?" என்று விஜயகலா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"நீங்க நிக்கிறதே ஏழாம் லயந்தான்."

"அங்க இருக்கிற அத்திவாரம்?"

"அதுவும் ஏழாம் லயந்தான். சுவர் வெடிச்சுதுன்னு இடிச்சுப் போட்டாங்க. அது இடிஞ்சிச்சு, நாங்க இடியலையே! இந்தப் பக்கம் வந்து கட்டிக்கிட்டோம். பேரையும் கையோட தூக்கிக்கிட்டு வந்துட்டோம். அதுக்கு யாருகிட்ட கேக்கணும்?" இருளாயி ஒரு வெட்டுச் சேற்றை அள்ளி எறிந்தாள். அது ஜெறோமின் காய்ந்த காலுக்கு மிக அருகில் விழுந்தது.

விஜயகலா பிரேமலதாவைப் பார்த்தாள். "இதை உங்க குறிப்புல எழுதியிருக்கீங்களா?"

"எதை?"

"லயம் ஓடையைத் தாண்டி வந்ததை."

"அது எதுக்குக்கா? தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அதுக்குத் தெரியாதே. எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு நீங்க விட்ட இடத்துல, மேப்புல இருந்ததை அது எழுதிக்கிச்சு. அது களவெடுக்கல. வெளியூர்க்காரன் மாதிரி துண்டை நம்பியிருக்கு."

பிரேமலதா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ தப்பு என்னோடதுதானா? போய்க் கையெழுத்துப் போட்டுடவா?"

"இருங்க," என்றாள் விஜயகலா. போனில் இருந்த வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். பிறகு இருளாயியின் அருகே போய் அவள் காதில் ஏதோ கேட்டாள். இருளாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெரிதாகச் சிரித்தாள்.

"என்ன கேட்டீங்க?" என்றான் ஜெறோம்.

"மடுவத்துல சொல்றேன்."

"எப்பவும் இப்படித்தான். நனைஞ்சது நான், இரகசியம் உங்களுக்கு."

கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் சின்னதொரை நின்றார். சாக்குகளில் பச்சைக்கொழுந்து வாசம். பறித்து முடித்த பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் லயத்து ஆட்கள் தனியாக ஒரு பக்கம் நின்றார்கள். ஜெறோம் மடிக்கணினியை நிறுவை மேசையில் வைத்தான்.

"கம்பியூட்டரே சொல்லுது, எடுத்தது இந்தப் பொண்ணுன்னு," என்றார் சின்னதொரை. தமிழில் நிதானமாகப் பேசினார். "நான் பொலிஸுக்குப் போகல. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பெட்டி இறங்கட்டும், எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

ஜெறோம் காத்திருந்தான். இப்போது விஜயகலா மெஷினைக் காட்டிக் கொடுப்பாள், பிரேமலதா தப்பிப்பாள், தானும் காய்ந்த சொக்ஸ் தேடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"நீங்க சொல்றது சரிதான் சேர்," என்றாள் விஜயகலா. "அவங்க குறிப்புல ஒரு வரி விட்டுப்போச்சு. தப்புதான்."

ஜெறோமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"அந்த ஒரு வரியை இப்பவே எழுதிடலாம். அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசுவோம். நீங்களே சொன்னா நல்லது." போனை நீட்டினாள். "இது உங்க ஒபிஸ் மேப். எச்சரிக்கை போகாத ஏழாம் லயத்து ஆளுங்க இதுல எங்க இருக்காங்க? விரல் வச்சுக் காட்டுங்க."

சின்னதொரையின் விரல் எழுந்தது. அத்திவாரம் இருந்த இடத்துக்குப் போனது. அங்கே 'இடிக்கப்பட்டது, ஆட்கள் குடியமர்த்தப்பட்டனர்' என்று இருந்தது. விரல் ஓடையைத் தாண்டியது. அங்கே வெறும் பச்சை. ஒரு கூரைகூட வரையப்படவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் ஜெறோமுக்கு உறைத்தது. வரைபடத்தில் பழைய லயமும் இல்லை, புதிய வீடுகளும் இல்லை. அலுவலகத்தின் கணக்கில் இந்த மனிதர்கள் எங்குமே குடியிருக்கவில்லை. உதவியாள் எழுதியது அதன் கற்பனை அல்ல. அலுவலகம் சொன்னதைத்தான் அப்படியே எழுதிவைத்திருக்கிறது.

"எங்க குடியமர்த்தினீங்க சேர்?" என்றாள் விஜயகலா.

"அது வேற விஷயம். இன்னைக்குப் பேச வந்தது..."

"அட, காட்டுங்க தொரை!" இருளாயி முன்னே வந்தாள். "அன்னைக்கு ஓடைக்கரையில நின்னு இதே விரலாலதானே காட்டினீங்க? 'அந்தப் பக்கம் போட்டுக்கங்க, வீட்டுப் பேப்பர் பிறகு வரும்'னு சொன்னீங்களே. இந்தம்மா என் காதுல கேட்டது அதைத்தான், யாரு இந்த இடத்தைக் காட்டினான்னு. சரி, இப்ப காட்டுங்க. நாங்க அங்க இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

கொழுந்து நிறுக்கும் கணக்குப்பிள்ளை, எதற்கோ இரும வேண்டியவர் போல இருமினார். ஏழாம் லயத்து ஆட்கள் யாரும் அசையவில்லை.

"அங்கதான்," என்றார் சின்னதொரை கடைசியில். "ஓடைக்கு அந்தப் பக்கம்."

"கொஞ்சம் சத்தமா சேர்," என்றாள் பிரேமலதா. எப்போது மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள் என்று ஜெறோம் கவனிக்கவில்லை. விரல்கள் தயாராக இருந்தன. "நான் எழுதுறேன்."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவள் எழுதிக்கொண்டே எல்லோரும் கேட்கும்படி வாசித்தாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே தெளிவான குரல்.

"'ஏழாம் லயம்: பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. ஆட்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். ஒபிஸ் மேப்பில் இந்த வீடுகள் இல்லை, மேப்பை நம்பாதே. இடத்தைச் சொன்னவர்: சின்னதொரை, கொழுந்து மடுவத்தில், எல்லார் முன்னாலும்.'"

"என் பேரு எதுக்கு?"

"யாரு சொன்னதுன்னு எழுதலன்னா நாளைக்கு வர்றவன் எதை வச்சு நம்புவான் சேர்? அந்தப் பழைய வரியில மேப்தானே இருந்துச்சு, சொன்ன ஆள் பேரு இல்லையே." அவள் நிமிரவே இல்லை. "இன்னொண்ணும் எழுதுறேன். 'ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து, பிரேமலதாவிடம் கேட்காமல், எந்த லயத்தையும் நீக்கக்கூடாது.' இனி குறிப்புல எது ஏறினாலும் நான் வாசிச்சுட்டுத்தான் ஏறும்."

மன்னிப்புக் கடிதம் மேசை ஓரத்தில் கிடந்தது. மேசை ஆடியது. ஜெறோம் கடிதத்தை நான்காக மடித்து மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தான். ஆட்டம் நின்றது.

"இப்ப புதுசாத் திறந்து கேட்டுப் பாருங்க," என்றாள் விஜயகலா.

பிரேமலதா பழைய விதியை அழித்தாள், ஏழாம் லயத்தைப் பட்டியலில் திரும்பப் போட்டாள், எல்லாவற்றையும் மூடினாள். மறுபடி திறந்தாள். எதுவும் அறியாத புது ஆளாக உதவியாள் வந்து நின்றது, குறிப்பை வாசித்தது. 'பட்டியலைச் சரிபார்' என்று மட்டும் அவள் கேட்டாள். ஏழாம் லயம் பட்டியலில் இருக்கிறது என்றது அது. ஆனால் அதன் இடம் இன்னும் பழைய அத்திவாரத்திலேயே இருக்கிறதாம். குறிப்பின்படி ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றட்டுமா என்று கேட்டது.

"பார்றா, கேக்குது!" என்றான் ஜெறோம். "மரியாதை வந்திருச்சு."

"மாத்து," என்று எழுதினாள் பிரேமலதா. பிறகு, "ஏழாம் லயத்துக்குச் சோதனை அழைப்பு அனுப்பு."

முதலில் இருளாயியின் இடுப்பில் அடித்தது. பிறகு அவளுக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. தகரக் கூரையின் கீழ் ஏழாம் லயத்துப் போன்கள் அத்தனையும் சேர்ந்து அலறின. ஒவ்வொருவராக எடுத்துக் காதில் வைத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒவ்வொரு போனாக அடங்கிக்கொண்டு வந்தது.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. அது சின்னதொரையின் சட்டைப்பையில் இருந்தது.

"உங்க நம்பரையும் ஏழாம் லயத்துல சேர்த்துட்டேன் சேர்," என்றாள் பிரேமலதா. "அங்க ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சவரு நீங்கதானே. இனி அங்க மண்ணு அசைஞ்சா உங்களுக்கும் தெரியும்."

அவர் எடுக்கவில்லை. கூட்டம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.